பாலாற்றங்கரை வீட்டின் கதை: வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாவல் வெளிவந்த பிறகு கடிதங்களிலும் தொலைபேசியிலும், வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கத்து வாசிப்புக் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கதையைப் பற்றிக் கேட்கத் தொடங்கிய பலர் தங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டு முடித்தார்கள். அதனால் பதில்களும் கதையோடு நிற்கவில்லை. நாவலை இன்னும் படிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: முடிவு உட்பட எல்லாவற்றையும் இங்கே பேசியிருக்கிறேன்.

கதை சுருக்கமாக என்ன?

பள்ளிகொண்டாவுக்கும் விரிஞ்சிபுரத்துக்கும் இடையில் பாலாற்றங்கரையில் ஒரு சிற்றூர். 2021 நவம்பர் வெள்ளத்தில், தரைப்பாலத்தைக் கடக்கும்போது ஒரு வீட்டின் 19 வயது மகனை ஆறு அடித்துக்கொண்டு போகிறது. அவனுடைய நைனா ஆம்பூரில் தோல் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருபவர். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். அக்கா நர்ஸிங் படிக்கிறாள். திண்ணையில் ஆயா. கதையைச் சொல்பவள் 14 வயதுக் கடைசி மகள்.

மகன் போன பிறகு நைனா குடியில் இறங்குகிறார். அம்மா நேர்த்திக்கடன்களில் இறங்குகிறார். அக்கா ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்குகிறாள். மூன்று ஆண்டுகள் அந்த வீட்டில் இறந்தவனைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மூன்று பேரும் ஒரே பிள்ளைக்காகத் துக்கப்படுகிறார்கள், ஆனால் ஒருவர் துக்கம் மற்றவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நான் எழுத நினைத்தது அதைத்தான்.

இது உங்கள் வீட்டில் நடந்ததா?

இல்லை. எந்த ஒரு குடும்பத்தையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. குடிக்கும் ஆணும் விரதமிருக்கும் பெண்ணும் இல்லாத தெருவைப் பழைய வட ஆற்காட்டில் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

பாலாறு வறண்டு கிடக்கும் ஆறாயிற்றே, அதில் எப்படி வெள்ளத்தில் சாவு?

வெளியூர் வாசகர்கள் தவறாமல் கேட்பது இது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, தமிழகத்துக்குள் வந்து வயலூரில் கடல் சேரும் ஆறு அது. எங்கள் பக்கத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். அந்த மணலையும் அள்ளி, மிச்சத்தில் வேலிகாத்தான் முள் மண்டிவிட்டது. பிள்ளைகள் ஆற்றுக்குள் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். ஆற்றைக் கண்டு பயப்பட அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, சொல்லிக்கொடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

2021 நவம்பரில் கரை தளும்ப வெள்ளம் வந்தபோது ஊர் ஊராக மக்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். தண்ணீரைக் கண்ட சந்தோஷத்தில் மஞ்சளும் பூவும் தூவிக் கும்பிட்டார்கள். அதே மாதத்தில்தான் பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். சந்தோஷமும் சாவும் அடுத்தடுத்து வந்த மாதம் அது. நாவலின் முதல் அத்தியாயத்தில் ஆயா தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும், அடுத்த அத்தியாயத்தில் அதே ஆறு பேரனைக் கொண்டுபோவதும் அதனால்தான்.

தோல் கழிவால் பாலாறு கெட்ட கதை ஊரறிந்தது. உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் தீர்ப்புச் சொல்லி, கெடுத்தவர்தான் இழப்பை ஈடுகட்டவேண்டும் என்ற கொள்கையை உறுதி செய்தது. நாவலில் ஒரு பங்காளி நைனாவிடம், 'தோல் கம்பெனிச் சம்பளம் வாங்கினாய், ஆறு பழி வாங்கிவிட்டது' என்கிறார். சாவு வீட்டில் இப்படிப் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். தினக்கூலிக்குத் தோல் தூக்கியவன் தலையில் ஒரு ஆற்றின் பாவத்தையும் ஒரு பிள்ளையின் சாவையும் சேர்த்துக் கட்டுவது கொடுமை. அந்த வாக்கியம் நாவல் முழுக்க நைனாவைத் துரத்துகிறது. அதை நான் முழு மனதோடு மறுக்கிறேன்.

யாருக்கும் பெயர் வைக்காதது ஏன்?

கதையைச் சொல்பவள் வீட்டில் கூப்பிடும் முறையிலேயே சொல்கிறாள்: நைனா, அம்மா, அக்கா, ஆயா, அண்ணன். அண்ணனின் பெயரை மற்றவர்கள் சொல்ல மறுக்கும் வீட்டில் மற்றவர்களுக்குப் பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மகன் இறந்ததால்தானே நைனா குடிகாரர் ஆனார்?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. முன்பும் அவர் குடித்தவர்தான். சம்பள நாளில் கூட்டாளியோடு ஒரு கட்டிங், அதாவது 180 மில்லி குவார்ட்டரை இரண்டாகப் பகிர்ந்துகொள்வது. அதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாவன்று நடந்தது வேறு. பிணம் தூக்கவும் குழி வெட்டவும் சரக்கு வேண்டும் என்பது நம் ஊர்களில் எழுதாத சட்டம். யாரோ வாங்கி வருகிறார்கள், யாரோ அவருக்கும் ஊற்றுகிறார்கள். 'அவருக்குக் கொடுங்கள், பாவம், தாங்கமாட்டார்.'

பெண்களுக்கு அழ இடம் இருந்தது. தலைவிரித்து, மார்பில் அடித்து, ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். நைனா கண் கலங்கியவுடன் மாமன் முறை உள்ளவர் தோளைப் பிடித்து, 'நீங்களே உடைந்துபோனால் இவர்களை யார் பார்ப்பது?' என்றார். அழுவதற்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது ஒரு டம்ளர். பதினாறாம் நாள் காரியத்தோடு பெண்களின் அழுகைக்கு ஊர் முற்றுப்புள்ளி வைத்தது. அவருடைய டம்ளருக்கு யாரும் நாள் குறிக்கவில்லை. கடை கூப்பிடு தூரத்தில் இருந்தது. 2003 இறுதியில் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்த பிறகு, எந்த ஊரிலும் கடைக்கு வழி கேட்கவேண்டிய அவசியம் இருந்ததில்லை.

அதன்பின் உடம்பு தன் வேலையைக் காட்டுகிறது. தினமும் மது இறங்கும்போது மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. மது இல்லாத நேரத்தில் பதற்றமும் நடுக்கமும் வருகின்றன. காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கை நடுங்கி, அதை நிறுத்துவதற்காக ஒருவர் குடிக்கிறார் என்றால், அவர் மகனை நினைத்துக் குடிக்கும் கட்டம் கடந்துபோய்விட்டது. அது சிகிச்சை வேண்டிய நோய். அழுகைக்காகத் தொடங்கியது என்பதால் ஆறுதல் சொன்னாலே நின்றுவிடும் என்று அக்கா நம்புகிறாள். பாதி நாவல் அந்த நம்பிக்கையில் ஓடுகிறது.

அவர் மறைத்துவைத்த விஷயம் என்ன? சிலருக்குப் புரியவில்லை என்கிறார்களே.

வெள்ளத்தன்று மாலை அக்கரையில் நின்ற மகன் நைனாவுக்குப் போன் செய்கிறான். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வரட்டும் என்று அவர், 'தண்ணீர் முழங்கால் அளவுதான், ஓரமாக வந்துவிடு' என்கிறார். அவ்வளவுதான். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மாலை போட்டுக் குடியை நிறுத்திய மூன்றாம் இரவில் அவருக்கு வந்தது பேயா, நோயா?

மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. மிக விரிவாகப் பதில் சொல்லவேண்டியதும் இதற்குத்தான்.

கார்த்திகை முதல் நாள் நைனா ஐயப்பனுக்கு மாலை போடுகிறார். ஒரு மண்டலம் குடிக்கமாட்டேன் என்பது உறுதி. வீடே மகிழ்கிறது. அம்மா தனிப் பாத்திரத்தில் சமைக்கிறார். முதல் நாள் மாலைக்குள் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, தூக்கம் இல்லை. விரதத்தின் கடுமை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மூன்றாம் இரவு அவர் எழுந்து போர்வையைத் தரையில் விரிக்கிறார். நாலு முனையையும் இழுத்து இழுத்து விடுகிறார். உள்ளங்கையால் எதையோ வழித்து ஒதுக்குகிறார். தொழிற்சாலையில் உப்புப் போட்ட பச்சைத் தோலை விரித்துத் தட்டும் வேலை அது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். பிறகு கதவைப் பார்த்து, 'முழங்கால் அளவுதான்டா, வந்துவிடு, வந்துவிடு' என்று கூப்பிடுகிறார்.

அம்மாவுக்கு மகனின் ஆவி அவர்மேல் வந்திருப்பதாகத் தோன்றுகிறது. அக்கம்பக்கத்தார் விபூதி போடுகிறார்கள், வேப்பிலை அடிக்கிறார்கள். நர்ஸிங் படிக்கும் அக்கா மட்டும் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு 108-க்குப் போன் செய்கிறாள்.

அது நோய். நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம் முற்றி, இல்லாததைப் பார்ப்பார்கள், இல்லாத குரலைக் கேட்பார்கள், இடமும் நேரமும் தெரியாது. பூச்சி, எறும்பு, சிறு பிராணிகள் தெரிவதாகப் பலர் சொல்வதுண்டு. தையல்காரர் காற்றில் ஊசி கோப்பதும், ஓட்டுநர் ஸ்டியரிங் பிடிப்பதும்போல், தினமும் செய்த வேலையைக் கைகள் தாமாகச் செய்வதும் மருத்துவர்கள் அறிந்த அறிகுறி. மருத்துவத்தில் இதை டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

மருத்துவமனையில் முதலில் செய்வது மயக்கமும் அமைதியும் தரும் மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்து, நாளடைவில் குறைப்பது. லோராசெபாம், டயசெபாம் போன்றவை அவை. கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின். வருடக்கணக்கில் சோறு குறைத்துக் குடித்த உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸ் ஏற்றினால் இருக்கும் சொற்ப தயமினும் செலவாகிவிடும் என்பதால், தயமினை முன்கூட்டியே கொடுக்கிறார்கள். கொடுக்கத் தவறினால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் பாழாகும் ஆபத்து உண்டு. அதனால்தான் நாவலில் அந்தச் சின்ன ஊசிமருந்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

மாலை போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் மாலை போடுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்கட்டும். அதை விரதத்துக்குக் குறை என்று எந்தக் குருசாமியும் சொல்லமாட்டார்.

அந்த இரவில் இன்னொன்றும் நடக்கிறது. 'முழங்கால் அளவுதான்' என்ற வார்த்தையை அம்மா கேட்டுவிடுகிறார். ஆவி பேசியதாகத் தன்னையே நம்பவைக்கப் பார்க்கிறார். ஆவிக்கு எதற்கு அந்த வார்த்தை என்ற கேள்வி அவரை விடுவதில்லை.

அப்படியானால் நாவல் பக்தியைக் குறை சொல்கிறதா?

இல்லை. நான் சாமி கும்பிடுபவர்களுக்கு நடுவில் வாழ்பவன், கும்பிடுபவன். அம்மாவின் பக்தி உண்மையானது. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் அவர் நிற்கும் காட்சியை அந்த மரியாதையோடுதான் எழுதினேன்.

அந்தத் திருவிழாவே ஒரு குடும்பத் துயரத்தின் மேல் நிற்கிறது. தகப்பன் ஜமதக்னி சொல்ல, மகன் பரசுராமன் தாய் ரேணுகையின் தலையை வெட்டுகிறான். தந்தை வரம் கேள் என்றதும் தாயைத் திருப்பிக் கேட்கிறான். அவசரத்தில் தலை வேறு உடலோடு சேர்ந்துவிடுகிறது. தரணம்பேட்டையிலிருந்து அம்மன் சிரசு கடல்போன்ற கூட்டத்தில் ஊர்வலமாக வருகிறது, வழியெல்லாம் தேங்காய் உடைபடுகிறது, கோபாலபுரம் கோயிலில் சிரசு உடலோடு பொருத்தப்படுகிறது. நாவலில் அம்மா அந்த நேரத்தில் கண்ணை மூடுவதில்லை. வெட்டியவனும் அவனே, அழுதவனும் அவனே என்று அவருக்கு அங்கேதான் உறைக்கிறது. கணவன் போனில் என்ன சொல்லியிருப்பார் என்பதை அவர் புரிந்துகொள்வது மருத்துவமனையில் அல்ல, அந்தக் கூட்டத்தில். பக்தி அவருக்கு ஒரு உண்மையைப் பார்க்கும் தெம்பைக் கொடுத்தது.

ஆனால் அதுவரை மூன்று ஆண்டுகள் அதே பக்தி அவருக்கு வேறு வேலை செய்தது. வெள்ளிக்கிழமை ஒரு கோயில், அமாவாசைக்கு ஒரு கோயில், ஆடிக்குப் படவேடு. வீட்டில் இருந்தால் பேசவேண்டிவரும். நைனா கடைக்குப் போனார், அம்மா கோயிலுக்குப் போனார். இருவரும் வீட்டைவிட்டுத்தான் போனார்கள். இந்த ஒப்பீடு சிலரைப் புண்படுத்தியிருக்கிறது என்று தெரியும். யோசித்துத்தான் எழுதினேன், இப்போதும் மாற்ற மாட்டேன். குடி உடம்பைத் தின்றது, பக்தி தின்னவில்லை. இரண்டும் சமம் என்று நான் சொல்லவே இல்லை. பேச்சு எழாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை அந்த வீட்டில் இரண்டும் செய்தன என்கிறேன்.

நம்பிக்கை என்ற பெயரில் சிகிச்சையைத் தடுப்பது மட்டும் எனக்குச் சம்மதமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் 28 பேர் மாண்டதை நாம் மறக்கக் கூடாது. பிரார்த்தனைக்கு அழைத்துப் போனதில் பிழையில்லை. கட்டிப்போட்டதும் மருந்தில்லாமல் விட்டதும்தான் பிழை.

வேலூர்க் கோட்டைக் கோயில் அத்தியாயம் எதற்கு? கதையோடு ஒட்டவில்லையே.

ஒட்டுகிறது என்றே நினைக்கிறேன். ஜலகண்டேசுவரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது; 1981 மார்ச்சில்தான் கோட்டைக்குள் திரும்ப வந்து பிரதிஷ்டை ஆனது. கைக்குழந்தைப் பருவம் கடந்த நைனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆயா அந்த நாட்களில் கோட்டைக்குப் போனதாக எழுதியிருக்கிறேன். ஆயாவின் தெம்பு எங்கிருந்து வந்தது என்று காட்ட எனக்கு அது வேண்டியிருந்தது. வெறும் கருவறையையும் பார்த்தவர், அதற்குள் விளக்கு ஏற்றப்பட்டதையும் பார்த்தவர்.

அக்கா ஜெபக்கூட்டத்துக்குப் போவதை மதமாற்றப் பிரசாரம் என்கிறார்களே?

வேலூரில் இது புதிதா? ஒரே வீட்டில் அம்மன் படமும் விவிலியமும் இருப்பதைப் பார்க்காதவர் யார்? அக்காவுக்கு அங்கே கிடைத்தது ஒன்றுதான்: முதல் வாரமே ஒரு பெண்மணி அவள் கையைப் பிடித்து, 'உன் தம்பி எப்படிப்பட்டவன், சொல்' என்று கேட்டார். வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. அவள் ஞானஸ்நானம் பெற்றாளா இல்லையா என்பதை நாவல் சொல்லவில்லை.

சோற்றில் மருந்து கலந்து கொடுத்த அம்மா செய்தது தவறா?

தவறு. ஆபத்தான தவறு. ஆனால் அவரைத் திட்டி எழுத எனக்கு மனமில்லை. 'குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தலாம்' என்ற விளம்பரத்தைச் சுவரிலோ கைப்பேசியிலோ பார்க்காத பெண் இருக்கமுடியாது. பீடிக்கூலியில் மிச்சம் பிடித்து அவர் அந்தப் பொடியை வாங்குகிறார்.

டைசல்பிராம் என்ற மாத்திரை உண்மையிலேயே உண்டு. மது உடம்பில் உடைந்து வரும் நச்சுப்பொருளை வெளியேற்றவிடாமல் அது தடுக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். அந்தப் பயம்தான் அவரைக் குடியிலிருந்து காக்கிறது. அதற்கு, தான் அதைச் சாப்பிடுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியாதவர் வழக்கம்போல் குடிப்பார். இதயம் பலவீனமானவராக இருந்தால் செத்தும் போகலாம். மாத்திரையை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம்வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். நாவலில் நைனா கல்யாண வீட்டில் சுருண்டு விழுவது அப்படித்தான். பெயர் தெரியாத பொடியில் என்ன இருக்கிறது என்பதோ யாருக்கும் தெரியாது.

ஒப்புக்கொண்டு எடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவற்றை ஈரலின், சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து மருத்துவர் தருவார்.

நைனா சிகிச்சைக்குச் சேரும் பாகாயம் மனநல மையத்தில் மனைவியும் கூடவே தங்குகிறாரே, அப்படி விடுவார்களா?

விடுவார்கள் என்பதைவிட, அதுதான் அங்கே வழக்கம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957-இல் பாகாயத்தில் தொடங்கியபோதே, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று அது எளிமையாகத் தோன்றலாம். நோயாளியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதே மனநல மருத்துவமனை என்றிருந்த காலத்தில் அது பெரிய துணிச்சல்.

எனக்கு அந்த முறை கதைக்காகவும் தேவைப்பட்டது. மூன்று ஆண்டுகளாக ஒருவரை ஒருவர் தவிர்த்த இருவர் ஓர் அறையில் தங்கவேண்டி வருகிறது. போவதற்குக் கடையும் இல்லை, கோயிலும் இல்லை. அம்மாவிடம் சுற்றுவதற்குப் பீடி இலைகூட இல்லை. ஆனாலும் அவர் மடியில் முறம் இருப்பதுபோல் கை தானாக இலையைச் சுருட்டுகிறது, நுனியை மடக்குகிறது. நைனா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, 'நான்தான் அவனை வரச் சொன்னேன்' என்கிறார். அம்மா, 'தெரியும்' என்கிறார். நாவலில் நான் அதிக நாள் உட்கார்ந்து எழுதிய பக்கம் அது.

துக்கம் எத்தனை நாள் இருந்தால் சரி?

நாள் கணக்குச் சொல்ல யாராலும் முடியாது. நம் வழக்கம் பதினாறாம் நாள், மாதப் படையல், வருஷத் திதி என்று படி வைத்திருக்கிறது. படி வைத்தது நல்லது. ஆனால் பதினேழாம் நாளே பழையபடி ஆகிவிடவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மருத்துவ உலகம் இதற்குச் சில வரையறைகள் வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு, ஆறு மாதத்துக்கு மேலும் கடுமை குறையாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கும் துக்கத்தை நீடித்த துக்க நோயாகக் கருதுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2022-இல் அதைச் சேர்த்தபோது பெரியவர்களுக்கு ஓராண்டு என்று வைத்தது. அழுகை நிற்கவில்லை என்பது மட்டும் நோய் ஆகாது. சாப்பிட முடியவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, தானும் போய்விடலாம் என்று தோன்றுகிறது என்றால் அப்போது உதவி தேவை.

நைனா முதன்முதலில் குடிக்காமல் அழுவது கூத்துக் களத்தில். ஊரில் பாரதம் நடக்கிறது. அபிமன்னன் சண்டை இரவு. சின்ன வயதிலிருந்து விடிய விடியக் கூத்துப் பார்த்தவர் அவர். மகன் இறந்த செய்தியைக் கேட்டு அர்ச்சுனன் வேடக்காரர் பாடும்போது, நைனா முன்வரிசையில் வாய்விட்டு அழுகிறார். பக்கத்தில் இருந்த ஆண்கள் அவரைத் தேற்றவில்லை, தோளைப் பிடிக்கவில்லை. அர்ச்சுனனுக்காக எல்லாரும் அழும் இடத்தில் அவரும் அழலாம். சாவு வீட்டில் கிடைக்காத இடம் அது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடத்தும் ஊர்கள் இதைக் கைவிடாமல் இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

அம்மா ஏன் பிரிந்து போகவில்லை?

நாவலில் நைனா கை நீட்டுவதில்லை. நீட்டியிருந்தால் ஆயாவே மருமகளையும் பேத்திகளையும் அனுப்பிவைத்திருப்பார் என்று எழுதியிருப்பேன். அடி விழும் வீட்டில் பொறுத்துப் போ என்று சொல்ல இந்தக் கதையை யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம்.

முடிவில் அவர் மறுபடி குடித்தது ஏமாற்றமாக இருக்கிறது. நல்லபடியாக முடித்திருக்கலாமே?

பாகாயத்திலிருந்து வந்து எட்டாம் மாதம், மகனின் திதியன்று அவர் குடிக்கிறார். படையலில் மகனுக்குப் பிடித்த பிரியாணி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எழுந்து போகிறார். மறுநாள் தாமாகவே அம்மாவிடம் சொல்லிவிட்டு, மருத்துவரிடம் போக பஸ் ஏறுகிறார். நாவல் அங்கே முடிகிறது.

இது எனக்குச் சோக முடிவாகத் தெரியவில்லை. சிகிச்சைக்குப் பிறகு மறுபடி குடிப்பது மிகவும் சாதாரணமாக நடப்பது. சர்க்கரை நோயில் அளவு ஏறினால் மருந்தை மாற்றுகிறோம். குடியில் மட்டும் 'எல்லாம் வீண்' என்று கைவிடுகிறோம். முன்பு அவர் குடித்ததை மறைத்தார். இப்போது மறுநாளே சொன்னார். அந்த வித்தியாசத்துக்காகத்தான் முழு நாவலையும் எழுதினேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு அவர் போவதையும் கவனியுங்கள். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய இயக்கம் அது. தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன, கட்டணம் இல்லை. தம்மை மீறிய சக்தியிடம் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்தச் சக்தி எது என்பது அவரவர் விருப்பம். அங்கே நைனா நினைப்பது ஐயப்பனை.

எங்கள் வீட்டிலும் இப்படித்தான். எங்கே தொடங்குவது?

வலிப்பு, குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, ரத்த வாந்தி, மஞ்சள் காமாலையோடு மயக்கம் என்றால் யோசிக்காமல் 108. மற்றபடி, அவர் குடிக்காத நேரத்தில், பெரும்பாலும் காலையில், இரண்டு வாக்கியம் பேசுங்கள். போதையில் இருப்பவரிடம் சத்தியம் வாங்குவதில் பயனில்லை. வேலூர்க்காரர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பாகாயம் இருக்கிறது. அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போய் மருத்துவரிடம் பேசலாம்; பலர் இதை அறியாமல் ஆண்டுகளை இழக்கிறார்கள். 14416 என்ற டெலிமனாஸ் எண்ணில் தமிழிலேயே எந்த நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கும், இலவசம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் யாருக்கு வந்தாலும், குடிப்பவருக்கோ உங்களுக்கோ, அந்த எண்ணை உடனே கூப்பிடுங்கள்.

அவருடைய கடனை அடைப்பதும், வேலைக்குப் போகாத நாளில் கம்பெனிக்குப் பொய் சொல்வதும் உதவிபோலத் தெரியும். அவர் விளைவைப் பார்க்காமல் தடுப்பதுதான் அதனால் நடக்கும். பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். 'நைனாவுக்கு உடம்பு சரியில்லை, அது உன்னால் வந்ததில்லை' என்று சொன்னால் 14 வயதுப் பெண்ணுக்குப் புரியும்.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டாருக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாமா?

முதல் சில மாதங்களில் வேண்டாம். குடிப்பவருக்குக் குத்திக்காட்டும் நோக்கத்தில் எப்போதும் வேண்டாம். பிறகு கொடுப்பதானால், ஆற்றில் உடலைத் தேடும் நான்காம் அத்தியாயத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதைத் தாண்டி நேராக ஐந்துக்குப் போகலாம். கதை புரிவதற்குத் தேவையான செய்தி ஐந்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.